நினைப்பு எங்கே இருக்கிறது?

பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். குழாயில் தண்ணீர் ஓடுகிறது, கை தேய்க்கிறது, அலசுகிறது, கவிழ்த்து வைக்கிறது. எல்லாம் முடிந்து ஈரக் கையைத் துடைக்கும்போது யாராவது வந்து, “அந்த ஓரம் நசுங்கின டம்ளரைக் கழுவிட்டியா?” என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கழுவித்தான் இருப்பீர்கள். கழுவிய நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். நேற்று ஒருவர் சொன்ன சொல்லுக்கு இன்று பதில் தேடிக்கொண்டிருந்தீர்கள். அல்லது நாளைக்குப் போக வேண்டிய இடத்துக்கு இப்போதே போய்ச் சேர்ந்திருந்தீர்கள்.

இப்படி நிற்பவரைப் பார்த்தால் வீட்டில் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “நினைப்பு எங்கே இருக்கு?” யோகத்தையும் விழிப்புணர்வையும் அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவருவது பற்றிப் பேச எனக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் தெரியவில்லை. இந்தக் கேள்வியை நமக்கு நாமே, கோபமில்லாமல், ஒரு நாளில் சில முறை கேட்டுக்கொள்ளப் பழகுவதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதற்கான துணைக்கருவிகள்.

யோகாவோ தியானமோ இதுவரை பழகாதவருக்கும், ஆசை இருந்தும் நேரம் கிடைக்காமல் தள்ளிப்போட்டு வருபவருக்கும் இதை எழுதுகிறேன். தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்லப்போவதில்லை. ஒதுக்க முடிந்தால் நல்லது. நல்ல ஆசிரியரிடம் முறையாகக் கற்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் பாயைச் சுருட்டி வைத்த நிமிடமே யோகமும் சுருண்டுவிட்டால், விழித்திருக்கும் மற்ற பதினைந்து மணி நேரம் என்ன ஆவது என்பதுதான் என் கவலை.

யோகம் என்பது உடலை வளைப்பது மட்டுமா

‘யுஜ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல் யோகம். பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். நுகத்தில் மாட்டைப் பூட்டுவதற்கும் அதே வேர்தான். போன போக்கில் மேயும் மனத்தைக் கூட்டிவந்து, உடல் இருக்கும் இடத்தில் சேர்த்துப் பூட்டுவது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

யோகத்துக்கு மூலநூலாகக் கருதப்படும் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195 சூத்திரங்கள், அதாவது சிறுசிறு வாக்கியங்கள், இருக்கின்றன. சில பதிப்புகளில் 196. யோகம் என்றால் என்ன என்பதை இரண்டாவது சூத்திரமே சொல்லிவிடுகிறது: சித்தத்தில் எழும் அலைகள் அடங்குவது யோகம். இவ்வளவு சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியவை மூன்றுதான். முதலாவது, இருக்கை நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தது, முயற்சியைத் தளர்த்துவதாலும் எல்லையற்றதில் மனம் ஒன்றுவதாலும் அது கைகூடும் என்கிறது. மூன்றாவது, அப்போது குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை என்கிறது. காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்று யோகா வகுப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்யும் ஆசன வரிசைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய மாணவர்களும் வடிவமைத்துப் பரப்பியவை. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை மட்டும்தான் யோகம் என்று நினைத்து, “எனக்கு உடம்பு வளையாது” என்று ஒதுங்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

யோகத்தின் எட்டு உறுப்புகள் இயமம் (செய்யாமல் விலக வேண்டியவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆசனம், பிராணாயாமம் (மூச்சுப் பயிற்சி), பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புவது), தாரணை (மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது), தியானம், சமாதி (முழுவதும் ஒன்றிவிடுவது). திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் தமிழில் பாடியிருக்கிறார். இவற்றில் முதலாவதாக நிற்கும் இயமத்தைக் கவனியுங்கள்: கொல்லாமை, வாய்மை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை. இதை ஒரு மூலையில் கண்மூடி உட்கார்ந்து பழக முடியாது. பொய் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் எதிரே பேச ஓர் ஆள் வேண்டும். பிறரைக் காயப்படுத்தாமல் இருக்கப் பழக, நம்மைக் காயப்படுத்தக்கூடிய மனிதர்களோடு பழக வேண்டும். ஆக, எட்டுப் படிகளில் முதல் படியே சந்தடியான அன்றாடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. யோகத்தை வாழ்க்கைக்குள் கொண்டுவருவது என்று நாம் பேசுகிறோம். அது முதலில் அங்கேதான் இருந்தது.

நினைப்பு என்ற சொல்

‘விழிப்புணர்வு’ என்றதும் பலருக்குப் பேரணியும் துண்டறிக்கையும் ஞாபகத்துக்கு வரும். ஒரு நோயைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ தெரிந்துகொள்வது அந்த விழிப்புணர்வு. இங்கே நாம் பேசுவது, செய்வதைச் செய்யும்போதே அறிந்திருப்பது. ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல், பௌத்த நூல்களில் வரும் ‘சதி’ என்ற பாலிச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாக வந்தது. ‘சதி’யின் வடமொழி வடிவம் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் நேர்ப்பொருள் நினைவு.

கவனத்துக்கு ஏன் நினைவு என்று பெயர் வைத்தார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பழகப் பழகத்தான் பிடிபட்டது. மூச்சைக் கவனிப்பது ஒன்றும் கடினமான வேலை இல்லை. மூன்று வயதுக் குழந்தைகூடச் செய்யும். கவனிக்க வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வருவதுதான் கடினம். காலையில் உறுதியாக நினைத்துக்கொள்வோம்; பிறகு சாயங்காலம்தான் மறுபடி நினைவுக்கு வரும். பதஞ்சலியும் யோகத்துக்கு வேண்டியவற்றைச் சொல்லும்போது சிரத்தை, ஊக்கம் ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஸ்மிருதியைத்தான் வைக்கிறார். நம் ‘நினைப்பு’ என்ற சொல்லிலும் இந்த இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. “நினைப்பு எங்கே இருக்கு?” என்றால் கவனம், “நினைப்பு இருக்கட்டும்” என்றால் மறக்காதே.

எதையெல்லாம் கவனிப்பது என்பதற்கு அந்தப் பழைய பௌத்த உரைகளில் வரும் பட்டியல் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. நடத்தல், நிற்றல், உட்காருதல், படுத்தல் என்ற நான்கு நிலைகள். முன்னே போவது, திரும்பி வருவது, கையை மடக்குவது, நீட்டுவது, உடுத்துவது, உண்பது, குடிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது, கடைசியில் மலம் கழிப்பதும் சிறுநீர் கழிப்பதும் வரை அதில் உண்டு. இது மேலானது, இது கீழானது என்று எதையும் விலக்கவில்லை.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதே பயிற்சியைச் சமயச் சடங்கு எதுவும் சேராமல் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் மூலக்கூறு உயிரியல் படித்தவர். மருந்து எடுத்தும் தீராத நாள்பட்ட வலியோடு வந்தவர்கள் அவரிடம் நிறையப் பேர். பின்னாளில் எட்டு வாரப் பயிற்சியாக நிலைபெற்றது அது; மூச்சைக் கவனித்தல், உடலை உறுப்பு உறுப்பாகக் கவனித்தல், மென்மையான ஹடயோக ஆசனங்கள் ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. முதல் வகுப்பில் ஒரே ஓர் உலர்திராட்சையைக் கொடுப்பார்கள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடித்து, விழுங்க வேண்டும். ஆயிரம் திராட்சை தின்றிருந்தாலும் ஒன்றைக்கூடச் சுவைத்ததில்லை என்று தெரிந்துகொள்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

மனம் ஓடுவது குற்றமா

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். “உட்கார்ந்தேன், மனசு நிற்கவே இல்லை, எனக்கு இது ஒத்துவராது” என்பார்கள். மனம் யாருக்கும் நிற்பதில்லை. 2010இல் ஹார்வர்டு உளவியலாளர்கள் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேருக்கு அவர்களுடைய போனில், நாளின் ஏதாவது ஒரு நேரத்தில் கேள்வி வரும்: இப்போது என்ன செய்கிறீர்கள், உங்கள் நினைப்பு அதில்தான் இருக்கிறதா, மனநிலை எப்படி இருக்கிறது. கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம் நினைப்பு வேறெங்கோ இருந்தது. கிட்டத்தட்டப் பாதி. மனம் அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையிலிருக்கும் வேலையில் கவனமாக இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

ஆகவே மனத்தை வெறுமையாக்குவது நம் வேலை இல்லை. கழுவும் பாத்திரத்துக்கே திரும்பி வருவோம். அடுத்த முறை ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விரல் நுனியில் படும்போது குளிர்ச்சியா, வெதுவெதுப்பா? சோப்பு பட்டதும் விளிம்பு வழுக்கத் தொடங்குகிறது. தேய்க்கும் ஓசை அடிப்பாகத்தில் ஒருவிதம், பக்கவாட்டில் ஒருவிதம். நுரை மணிக்கட்டை நோக்கி மெல்ல இறங்குகிறது. பிசுக்கு போன இடத்தில் விரல் இழுத்தால் கிறீச்சென்கிறது. இதற்குள் மனம் போயிருக்கும். அந்த ஆளுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தொடங்கி, அவர் என்ன சொல்லுவார், நான் என்ன சொல்லுவேன் என்று ஒரு முழு வழக்கே நடந்திருக்கும். கூடவே தாடை இறுகியிருக்கும். தேய்க்கும் கை தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒரு கணம் வரும்: “அட, நினைப்பு எங்கேயோ போயிருக்கிறது.” அந்தக் கணத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அதை வரவழைக்கவில்லை; தானாக வந்தது. வந்ததும் பலர் செய்யும் தவறு, தங்களையே திட்டிக்கொள்வது. திட்டினால் அதுவே இன்னொரு யோசனையாகி இழுத்துக்கொண்டு போய்விடும். தாடையைத் தளர்த்தி, மறுபடி விரல் நுனித் தண்ணீருக்கு வந்துவிடுங்கள். ஒரு பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பத்து முறை போய்ப் பத்து முறை திரும்பினால், பத்து முறை பழகியிருக்கிறீர்கள் என்று கணக்கு. கனத்தைத் தூக்கி இறக்கித் தூக்கி இறக்கித்தான் புஜம் வலுக்கிறது. இங்கே போவதும் வருவதும் அப்படி.

மூச்சு எப்போதும் கையோடு இருக்கிறது

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு நாளைக்கு 20,000 முறைக்குப் பக்கத்தில் வரும். இதயத்துடிப்பு, செரிமானம் போலத் தானாகவும் நடக்கும். கை கால் போல நாம் நினைத்தாலும் மாறும். உடலில் இப்படி இரண்டு பக்கமும் திறக்கும் கதவு அபூர்வம். யோக மரபு மூச்சை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது மந்தமாவதும் தெரியும். வயது குறைந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். வெளிமூச்சின்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தைச் சற்றுத் தடுத்துப் பிடிப்பதால் வருவது இது. பதற்றமான நேரத்தில் “ஆழமா மூச்சு விடு” என்று சொல்வார்கள். அதில் உண்மையான வேலையைச் செய்வது விடும் மூச்சின் நீளம்தான். பலர் பெரிதாக இழுத்துவிட்டு, சட்டென்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கையை வயிற்றில், தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் என்ற தசைத்தகடு கீழே இறங்கி வயிற்றைத் தள்ளும், கை எழும். வெளியே போகும்போது கை தாழும். மார்பும் தோளும் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் மூச்சு மேலோட்டமாக இருக்கிறது. மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஓர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு நொடி என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூன்று மூச்சு விட அரை நிமிடம் போதும். மூச்சை உள்ளே அடக்கிப் பிடிக்க வேண்டாம். கும்பகம் எனப்படும் அந்த அடக்கல் ஆசிரியர் அருகிலிருந்து கற்க வேண்டிய ஒன்று. தலை கிறுகிறுத்தால் விட்டுவிட்டு இயல்பான மூச்சுக்கு வந்துவிடுங்கள்.

எண்ணாமலும் செய்யலாம். இந்த ஒரு மூச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கூடவே போய்ப் பார்ப்பது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. மூக்கு நுனியில் உள்ளே போகும் காற்று சற்றுக் குளிராக இருக்கும், வெளியே வருவது சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வித்தியாசம் தெரிகிற அளவுக்கு மனம் அமர்ந்துவிட்டால், அந்த நேரத்துக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

நிற்பதும் உட்காருவதும்

தாடாசனம் என்பது பார்ப்பதற்குச் சும்மா நிற்பதுதான். வரிசையில் காத்திருக்கும் ஒருவர் தாடாசனத்தில் நிற்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வித்தியாசம் முழுக்க உள்ளே. முதலில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு காலில் சாய்ந்திருப்போம். இரண்டு காலுக்கும் சமமாகக் கொண்டுவாருங்கள். குதிகால், பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு ஆகிய மூன்றும் தரையில் பதிந்திருக்கட்டும். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தால் ஒரு நூலிழை தளர்த்துங்கள். தோள்கள் தம் எடையால் தாமே தொங்கட்டும். தலை முதுகெலும்பின் உச்சியில் அமரட்டும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. போனைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் அதைக் கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நிலை, சுகம் என்று பதஞ்சலி சொன்ன இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்று இப்போது பார்த்துக்கொள்ளலாம். விறைப்பாக நின்றால் சுகம் போய்விட்டது. தொய்ந்து நின்றால் நிலை போய்விட்டது.

சுவரோ மேசையோ கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், பல் துலக்கும்போது சற்று நேரம் ஒரு காலில் நின்று பாருங்கள். கணுக்காலைச் சுற்றி உள்ள சிறு தசைகள் ஓயாமல் அசைந்து சரிசெய்துகொண்டே இருப்பது தெரியும். அசையாமல் நிற்பதாக வெளியே தெரிகிற ஒன்று, உள்ளே முழுக்க அசைவால் ஆனது. கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நம்மைச் சமநிலையில் வைத்திருக்கின்றன. நினைப்பு வேறெங்காவது போன உடனே கால் தள்ளாடுவதைப் பார்ப்பீர்கள். தடுமாறும் பழக்கமோ தலைசுற்றலோ உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

நாற்காலியில் மணிக்கணக்காக வேலை செய்பவருக்கு முக்கியமானது வேறு. கணினியில் தட்டிக்கொண்டிருக்கும்போது அவ்வப்போது நான் என் தோள்களைப் பார்க்கிறேன். பெரும்பாலான நேரம் அவை காதை நோக்கி ஏறியிருக்கும், மூச்சு மேலே நின்றிருக்கும், இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு விழுந்திருக்கும். இவ்வளவும் ஒரு சாதாரணக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு. தோளை இறக்குவதற்கு முன் ஒரு கணம் அது ஏறியிருப்பதை அப்படியே உணர்ந்து பார்ப்பது நல்லது. உடனே சரிசெய்துவிட்டால் தோள் இறங்கும், ஆனால் எதனால் ஏறியது என்று தெரியாமல் போய்விடும். சிலநாள் இப்படிப் பார்த்த பிறகு, குறிப்பிட்ட ஒருவரின் பெயர் திரையில் வந்தாலே தோள் ஏறுகிறது என்று எனக்குத் தெரியவந்தது. அந்த நபரைப் பற்றி என் மனம் ஒத்துக்கொள்ளாததை உடம்பு எப்போதோ சொல்லத் தொடங்கியிருந்தது.

அரைமணிக்கு ஒருமுறையாவது எழுந்துவிடுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதுதான் காலிலிருக்கும் இரத்தம் மேலே ஏறப் பெரிதும் உதவுகிறது. எழுவதையே ஆசனமாகச் செய்யலாம்: பாதம் இரண்டும் பதிய, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, கையை ஊன்றாமல், மூச்சை விட்டபடி மெதுவாக எழுந்து நிற்பது. உட்காரும்போதும் பொத்தென்று விழாமல் தொடைத் தசையால் இறங்குவது.

மறதிக்கு என்ன வழி

நினைவுக்கு வருவதுதான் கடினம் என்றேன். அதற்கு ஒரே உருப்படியான வழி, நாள்தோறும் எப்படியும் செய்யும் ஒன்றோடு கவனத்தை முடிச்சுப் போட்டுவிடுவது. தியான ஆசிரியர் திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடத்தில், தொலைபேசி மணி அடித்தால் எல்லாரும் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவார்கள். மூச்சைக் கவனித்த பிறகுதான் ஒருவர் போய் எடுப்பார். நம்மை அலைக்கழிக்கும் பொருளையே நம்மைத் திரும்ப அழைக்கும் மணியாக்கிக்கொண்டது எவ்வளவு பெரிய யோசனை! இது நம் வீட்டிலும் நடக்கும். முதல் மணிக்குப் பாயாமல், ஒரு முழு மூச்சு விட்டுவிட்டு எடுத்தால் குரலே வேறாக இருக்கும்.

கதவுப் பிடியைத் தொடும் கணம், படிக்கட்டின் முதல் படி, குளிக்கும்போது விழும் முதல் தண்ணீர், சாப்பாட்டின் முதல் மூன்று வாய், வண்டியைக் கிளப்பும் முன் உள்ள இரண்டு நொடி. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. உற்சாகத்தில் ஏழெட்டு எடுத்தால் நாலாம் நாள் எல்லாமே கைவிட்டுப் போகும். படிக்கட்டு என்று முடிவு செய்தால் இரண்டு வாரம் படிக்கட்டு மட்டும். பாதி ஏறிய பிறகு நினைவு வந்தால் மீதிப் படிகளில் கவனியுங்கள். மேலே போன பிறகு வந்தால், “மறந்துவிட்டேன்” என்று தெரிந்ததே நினைப்புதான். நின்ற இடத்தில் ஒரு மூச்சு. பயிற்சி உறுதிப்பட நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்ய வேண்டும் என்கிறார் பதஞ்சலி. எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் நாலு மூச்சு மேல் என்பது என் அனுபவம்.

கவனிப்பதற்காக எல்லாவற்றையும் மெதுவாகச் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. வேகமாகப் படியேறும்போதும் பாதம் படியில் படுவது தெரியும். அவசரமாகப் போக வேண்டிய நேரத்தில் அவசரமாகத்தான் போக வேண்டும். மூச்சு வாங்குவதும் நெஞ்சு அடிப்பதும் தெரிந்தபடி போகலாம்.

கோபம் வரும்போது

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. இன்னொரு மனிதர் முன் நிற்கும்போதுதான் சோதனை. ஒருவர் சுருக்கென்று ஏதோ சொல்லிவிட்டார். சொல் மனத்துக்குப் போய்ப் பொருளாவதற்குள் உடம்பில் வேலை நடந்துவிடுகிறது: கன்னம் சூடாகிறது, வயிற்றில் ஏதோ பிசைகிறது, நாக்கு ஏற்கெனவே பதிலைத் தயாராக வைத்திருக்கிறது. இந்தச் சூட்டையும் பிசைவையும் தொட்டுவிட முடிந்தால், சொல்லுக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சளவு இடம் கிடைக்கும். அந்த இடத்தில் நின்று பேசியது, பேசாமல் விட்டது எதுவானாலும் பிறகு பெரிதாக வருந்த வேண்டியிருக்காது. எல்லாத் தடவையும் இது நடக்காது. பேசி முடித்து அரைமணி கழித்துத்தான் உறைக்கும். அடுத்த முறை பத்து நிமிடத்தில் உறைக்கும். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில், தெரிந்துவிடும்.

கவனம் வந்தால் எப்போதும் அமைதியாக இருப்போம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துக்கம் துக்கமாகவே தெரியும், இன்னும் தெளிவாகவே தெரியும். எதையும் பூசி மறைப்பது இதன் நோக்கம் இல்லை.

எங்கே நிறுத்திக்கொள்வது

உயர் இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், முதுகிலோ மூட்டிலோ காயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, தெரிந்த ஆசிரியரிடம் கற்க வேண்டும். கூர்மையான வலி வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். தாங்கிக்கொள்வது சாதனை ஆகாது. மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது.

அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. கடுமையான அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே கவனிப்பது சில சமயம் பழைய பயத்தைக் கிளப்பிவிடும். அப்படி நேர்ந்தால் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் இருப்பதையும், சுற்றியுள்ள ஓசைகளையும், கண்ணெதிரே உள்ள ஒரு பொருளின் நிறத்தையும் கவனியுங்கள். அதுவும் கவனம்தான். தொடர்ந்து தொல்லையாக இருந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். தனியாகப் போராட வேண்டாம்.

படுத்த பிறகு

இவ்வளவு படித்தும் இன்றைக்கு எதில் தொடங்குவது என்று தோன்றினால், படுக்கையில் தொடங்கலாம். எப்படியும் படுக்கத்தானே போகிறீர்கள். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, உள்ளங்கைகள் மேலே பார்க்கக் கைகளை உடலிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். சவாசனம் இதுதான். இடுப்பு வலித்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. பிறகு இடது கால் பெருவிரலுக்குப் போங்கள். அங்கே என்ன தெரிகிறது? துணி படுவதா, குறுகுறுப்பா, ஒன்றுமே இல்லையா? ஒன்றும் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த விரலுக்கு நகருங்கள். பாதம், குதிகால், கெண்டைக்கால், முழங்கால், தொடை. பிறகு வலது கால். இடுப்பு, வயிறு, மூச்சு ஏறி இறங்கும் மார்பு. விரல் விரலாகக் கைகள். தோள், தொண்டை, தாடை, கண்ணைச் சுற்றியுள்ள சிறு தசைகள், நெற்றி.

நாளைய வேலை நடுவே வரும். வந்தது என்று தெரிந்ததும் விட்ட இடத்துக்கே, முழங்காலானால் முழங்காலுக்கு, திரும்புங்கள். எந்த இடத்தில் விட்டோம் என்பதே மறந்திருந்தால் ஏதாவது ஓர் இடத்திலிருந்து தொடருங்கள். பெரும்பாலானவர்கள் இடுப்பைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். நாளைக்கு மறுபடி இடது கால் பெருவிரலிலிருந்து தொடங்கலாம்.